முதல் மூன்று நொடி

கோவைக்குத் தெற்கே பந்தயக் கார்களின் எஞ்சின்களைப் பிரித்துக் கோர்க்கும் பட்டறை ஒன்றை மரகதவல்லி நடத்திவந்தாள். அவளிடம் தொழில் கற்றவர் பொன்னுரங்கம். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். ஆலை மூடிய பிறகு எந்த முதலாளியும் அவருக்கு வேலை தரவில்லை. அவரும் எவனிடமும் போய்ப் பல்லிளிக்கவில்லை.

பட்டறையில் ஒரு விதி இருந்தது. சூடான எஞ்சினைப் பார்த்து மரகதவல்லி எதுவும் சொல்லமாட்டாள். வண்டி ஓர் இரவு நிற்கவேண்டும். காலையில், ஆறிக் கிடக்கும் எஞ்சினை அவளே முதலில் இயக்குவாள். மூன்று நொடி காது கொடுப்பாள். பிறகுதான் பேச்சு.

பொன்னுரங்கம் தனியாகக் கோர்த்த முதல் எஞ்சின் ஹாரூன் என்ற பந்தய ஓட்டுநருடையது. வேகத்துக்குத் தக்கபடி வால்வுகள் திறக்கும் நேரத்தை முன்னும் பின்னும் மாற்றும் கருவி அதில் உண்டு. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. பட்டறையில் அதை விவிடி என்பார்கள்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் காலை ஹாரூன் வந்தான். மரகதவல்லி சாவியைத் திருகினாள். எஞ்சின் சிணுங்காமல் பிடித்தது.

"பட்டு மாதிரி இருக்குதுங்க அக்கா," என்றான் ஹாரூன்.

அவள் நிறுத்தினாள். பானெட்டைத் தூக்கி எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பொன்னுரங்கத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"ஹாரூன், வண்டி இன்னிக்குக் கிடையாது."

"நாளைக்கு ரேஸுங்க! போன வருசமே கோட்டை விட்டேன். இதையும் விட்டா டீம்ல என்னை வெச்சுக்க மாட்டாங்க."

"தெரியும்ப்பா."

"நல்லாத்தானே ஓடுது?"

"எனக்குத் தெரியாது. நான் கேக்கவே இல்லை."

ஹாரூன் கார்க் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

"எத்தனை மணிக்கு ஸ்டார்ட் பண்ணுனீங்க, தலைவரே?"

"ஆறு மணிக்குங்க. பத்து நிமிசம் ஓடவிட்டேன்."

"எதுக்கு?"

"நேத்துக் காலையில கடகடன்னுச்சுங்க அம்மணி. மூணே நொடி. அப்புறம் மூச்சுப் பேச்சில்லை. இதுக்குப் போயி என் வேலைய நொட்டை சொல்லுவீங்களேன்னு..." அவர் நிமிர்ந்தார். "குத்தம் அந்தக் கருவியிலதான் இருக்குது. நேரத்துக்கு ஒண்ணா மாறுற எதையும் நான் நம்புனதில்லீங்க. சங்கத்துலயும் அப்படிப்பட்ட ஆளுகளைப் பாத்துட்டேன். ஒரே நெலையில பூட்டிப் போட்டுட்டா தீந்துது."

அவள் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். அவர் கழற்றினார்.

கருவிக்கு எண்ணெய் விடும் வழியில் ஒரு சல்லடை இருந்தது. விரல் நகத்தைவிடச் சிறியது. அதை அடைத்துக்கொண்டு சாம்பல்நிறத் துணுக்குகள். மூடி ஒழுகாமலிருக்கப் பூசும் பசை.

"ஒழுகக்கூடாதுன்னு கொஞ்சம் தாராளமா வெச்சேனுங்க."

"எண்ணெய் சரியா போகல. எஞ்சின் நிக்கிறப்ப கருவியைப் பூட்டுற ஊசி பூட்டல. அதுதான் காலையில அடிச்சுக்குது."

"பந்தயத்துல என்ன ஆயிருக்கும்?"

"வளைவுல எண்ணெய் ஒதுங்கும். கருவி தப்பான நெலையில நின்னுக்கும். வண்டி இழுக்காது. பின்னாடி வர்றவன் ஹாரூன்மேல ஏத்துவான்."

பொன்னுரங்கம் தரையில் உட்கார்ந்தார். கருவியைக் காட்டிக் கேட்டார்.

"ஒரே வார்த்தையில சொல்லுங்க அம்மணி. இதை நம்பலாமா, கூடாதா?"

மரகதவல்லி சல்லடையைப் பெட்ரோலில் அலசிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா உங்க ஆலையிலதான் இருந்தாரு."

அது பொன்னுரங்கத்துக்குத் தெரியும். அதுவரை இருவரும் அதைப் பேசியதில்லை.

"அந்தக் கடைசி ஸ்டிரைக்கு, நூத்திப்பத்து நாளு," என்றாள் அவள்.

"கோரிக்கை நியாயமுங்க. இன்னிக்கும் சொல்லுவேன்."

"நியாயந்தானுங்க. யாரு இல்லைன்னா?"

"நானாவும் முடிவெடுக்கல. ரெண்டாயிரம் பேரைக் கூட்டிவெச்சு, கை தூக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு கை கீழ இல்லை."

"அப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு. ஒரு கை கீழ இல்லைன்னு. மறுநாள் விடியக்காலையில எந்திரிச்சு அம்மாகிட்ட வேற மாதிரி பேசுனாரு."

அவள் சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கை தூக்கச் சொன்னது, நீங்க பேசுறதுக்கு முன்னாடியா, பேசி முடிச்ச பின்னாடியா?"

பொன்னுரங்கம் எழுந்து எஞ்சின்மேல் கையை வைத்தார். அது இன்னும் ஆறவில்லை.