தொடாமல் வந்த சக்தி

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு அக்குபிரஷர் கடை உண்டு. கை, கால் அமுக்கி வலியைக் குறைப்பார்கள். அங்கே வேலை பழகுகிறவள் அன்னக்கொடி. முதலாளியம்மா வெளியூர் போன அன்று பார்த்து, கட்டடச் சொந்தக்காரர் வடமலை வந்து நின்றார்.

வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து, "சீ, என்ன குப்பை இது" என்றார். காத்திருந்த பெண்களிடம், "சீ, தள்ளி உட்காருங்க" என்றார். சுவரில் இருந்த உடம்புப் படத்தைப் பார்த்து, "சீ, துணியில்லாம ஒரு படமா" என்றார்.

"சீனாக்காரங்க சொல்ற சக்தி உடம்புல ஓடுற பாதைங்க ஐயா அது" என்றாள் அன்னக்கொடி.

"அப்படியா? என்னைத் தொடாம, என் உடம்புலேர்ந்து அந்தச் சக்தியை வெளியே எடுத்துக் காட்டு. முடியலேன்னா இன்னிக்கே கடையைப் பூட்டிச் சாவியைக் குடுத்துடு."

அன்னக்கொடி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தச் சக்திக்குச் சீனாவுல என்ன பேருன்னு தெரியுங்களா?"

"என்ன பேரு?"

"சீ."

"சீ, இதெல்லாம் ஒரு பேரா?"

"இதோ, இப்பவும் வந்துடுச்சுங்களே. நீங்க வந்ததிலேர்ந்து நாலு தடவை ஆச்சு, நான் தொடவே இல்ல. இவங்க எல்லாரும் சாட்சி. இப்படி வாரி இறைச்சா உடம்புல என்னங்க மிஞ்சும்?"

பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பதில் சொல்ல வாய் திறந்த வடமலைக்கு நாக்கு நுனியில் அதே சொல்தான் வந்தது. அதை அப்படியே விழுங்கினார். குரலைத் தாழ்த்தி, "என் முழங்கால் வலிக்கும் இதுதான் காரணமாம்மா?" என்று கேட்டார்.

"அமுக்கிப் பார்த்துத்தான் சொல்லணும். உட்காருங்க ஐயா, உங்களுக்கு முன்னாடி நாலு பேர் இருக்காங்க."