பள்ளத்தில் ஓடிய கொடி

“போற இடத்துத் தண்ணிக்குத் தக்கன உடுத்திக்க. ஆனா...”

அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் சின்னம்மா என்ன சொன்னாள் என்பது வட்டனுக்கு நினைவில்லை. அலை அவனைப் பிய்த்துக்கொண்டு போன இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்திருந்தது.

வட்டன், வட்ட இலை விடும் ஒரு சின்னக் கடற்புல். பிறந்தது கரையோரத்து முழங்கால் தண்ணீரில். வளர்ந்தது வெளிச்சம் எட்டாத ஆழத்தில். கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தையும் ஏந்திக்கொள்ள அங்கே அவன் இலைகள் அகலமாயின. பல பருவம் கழித்து, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிளப்பிய நீரோட்டம் அவனைப் பிறந்த புல்வெளிக்கே கொண்டுவந்து சேர்த்தது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு சிப்பி. வந்தவன் அதற்குள் இலையை வைத்துக் காட்ட வேண்டும். அடங்கினால் சொந்தம், வேர் ஊன்றலாம். அடங்காவிட்டால் அடுத்த நீரோட்டத்தில் கிளம்ப வேண்டியதுதான்.

வட்டனின் இலை சிப்பியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது.

“வெளியூர் ஆள்” என்றார் பட்டையப்பன். நாடா போன்ற இலைகளோடு புல்வெளியிலேயே உயரமாக நிற்பவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

“அண்ணாச்சி, நான் இங்க பொறந்தவன்.”

“எங்க வட்டிலைக்காரங்க விரல்நகம் அளவுதான் இருப்பாங்க. நீ தாம்பாளமாட்டம் வந்து நிக்கிற!”

ஊசி போல் உருண்ட இலை விடும் ஊசிமுத்து சிரித்தான். “எவனோ வெத்தல போட மறந்து தூக்கிப் போட்டுட்டான் போல.”

சின்னம்மாவும் ஏற இறங்கப் பார்த்தாள். “எங்க பிள்ள இத்துனூண்டு இலைக்காரன்ப்பா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புல்வெளியின் நடுவே, ஏதோ ஒரு படகின் நங்கூரம் உழுதுவிட்டுப் போன பள்ளம் கிடந்தது. நாளுக்கு நாள் மணல் சரிந்து அது அகலமாகிக்கொண்டே வந்தது. பட்டையப்பனின் வேர்களே பாதி வெளியே தெரிந்தன. வாடைக் காற்று வருவதற்குள் மணலைக் கட்டிப் பிடிக்காவிட்டால் புல்வெளி இரண்டாகப் பிளந்துவிடும்.

“அந்தப் பள்ளம் யாரோடது?” என்று கேட்டான் வட்டன்.

“யாருக்கும் வேண்டாத எடம். நேத்து எறங்கின ரெண்டு பேர மணல் மூடிடுச்சு” என்றார் பட்டையப்பன்.

“அப்ப அங்க சிப்பி கேக்க மாட்டீங்களே?”

பதிலுக்குக் காத்திராமல் இறங்கினான். கொடி மணலுக்குள் ஓடியது. கணுவுக்கு ஒரு வேர், கணுவுக்கு இரண்டு இலை. மணல் மூடினால் இன்னும் கொஞ்சம் தள்ளி எழுந்தான். உச்சி வெயில் நேரே விழுந்த அந்தத் தண்ணீரில் அகல இலைக்கு வேலை இல்லை. முன்னே போகப் போக இலைகள் சிறுத்துக்கொண்டே வந்தன.

வாடை வந்தது. மூன்று நாள் முட்டிப் பார்த்தது. பள்ளத்து மணல் ஒரு பிடிகூட நகரவில்லை!

தண்ணீர் தெளிந்ததும் சின்னம்மாதான் முதலில் கத்தினாள்.

“எல்லாரும் இங்க வந்து பாருங்க! பின்கணுவுல தாம்பாளம், முன்கணுவுல நகம். ரெண்டும் ஒரே கொடி!” பிறகு அவன் பக்கம் சாய்ந்தாள். “‘ஆனா கொடிய விட்டுடாத’ன்னு சொல்லித்தானேடா அனுப்பினேன்.”

பட்டையப்பன் குனிந்து, வட்டனின் கணுவில் பூத்திருந்த சின்னப் பூவின் இதழ்களை எண்ணினார். மூன்று. தன் பூவையும் எண்ணினார். மூன்று.

“என்னப்பா இது, நீ எனக்கே பங்காளி போலிருக்கே!”

“அண்ணாச்சிய மடிச்சு அந்தச் சிப்பிக்குள்ள வெச்சுப் பாப்போமா?” என்றான் ஊசிமுத்து. புல்வெளி முழுக்கக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் பட்டையப்பன் சிப்பியை வட்டன் பக்கம் தள்ளினார். “இனிமே அளக்குறது உன் பொறுப்பு.”

வட்டன் தன் அடுத்த வேரை அந்தச் சிப்பியின் மேல் இறக்கி, அதை மணலுக்குள் புதைத்தான்.