ராஜா தலையில் சீயக்காய், வாயில் ரைட்டு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த காலத்தில், கோலாகலவர்மர் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஏதாவது ஒன்று பிடித்துப்போனால் அதோடு ஊரையே ஒரு வழி பண்ணிவிடுவார். ஒரு வருஷம் மயில் வளர்க்க ஆசைப்பட்டார். அந்த வருஷம் அரண்மனையில் மனிதர்களுக்குப் படுக்க இடமில்லை.

அவருடைய துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. கப்பல் தலைவனான வெள்ளைக்காரத் துரை பத்து நாள் அரண்மனையில் விருந்துண்டான். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் எல்லாக் காரியத்தையும் ஒரே சொல்லை வைத்து ஓட்டினான். இலையில் சோறு விழுந்தால் ‘ரைட்டு’. யானைமேல் ஏறும்போது ‘ரைட்டு’, அதிலிருந்து விழுந்தபோதும் ‘ரைட்டு’. அதற்கு என்ன அர்த்தம் என்று மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியைக் கேட்டால், ஒரு தடவை ‘சரி’ என்றான், ஒரு தடவை ‘வலப்பக்கம்’ என்றான், அப்புறம் ‘உரிமை’, ‘நியாயம்’, ‘புறப்படு’ என்று அடுக்கிக்கொண்டே போனான்.

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“நம் புலவர்கள் ஒரு பொருளுக்கு நூறு சொல் வைத்துக்கொண்டு நம் உயிரை வாங்குகிறார்கள். இந்தத் துரையோ நூறு பொருளையும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறான்! இவன் கப்பல் திரும்பி வரும்வரை யாமும் இந்தச் சொல்லைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டோம்!” என்று சபையில் அறிவித்தார். சபை கைதட்டியது. “ரைட்டு!” என்றார் ராஜா.

அந்த அரண்மனையில் திருவாய்க்கேள்வி என்று ஓர் உத்தியோகம் உண்டு. ராஜா வாயிலிருந்து வருவதைக் கேட்டு, ஓலையில் எழுதி, முத்திரை வைத்து, உரியவருக்கு அனுப்புவது அவர் வேலை. எழுதிய ஓலையை ராஜாவிடம் படித்துக் காட்டமாட்டார்கள். சொன்னவருக்கே சொன்னதைப் படித்துக் காட்டுவது மரியாதைக் குறைவாம்! அப்போது அந்த உத்தியோகத்தில் இருந்தவர் பரமானந்தராயர். அவருக்கு, சபையைச் சிரிக்க வைக்கும் விகடன் சடையாண்டியைக் கண்டாலே ஆகாது. தான் ஒரு மாசம் உட்கார்ந்து எழுதிய வாழ்த்துப்பாவுக்குக் கொட்டாவி விடும் ராஜா, சடையாண்டி சும்மா தும்மினாலே விழுந்து விழுந்து சிரிக்கிறாரே என்று வயிறு எரிந்துகொண்டிருந்தார்.

ராஜா ஒரே சொல்லுக்கு மாறியதும் ராயருக்குக் கொண்டாட்டம். எது எந்த ரைட்டு என்று முடிவு செய்வது அவர்தானே! முதல் நாளே, ராஜா ‘ரைட்டு’ என்றதும் கொஞ்சம் பலமாக வீசிய விசிறிக்காரனை, “அது நிறுத்தச் சொன்ன ரைட்டு” என்று எழுதி வேலையை விட்டு அனுப்பினார். அன்றோடு, “ராஜாவின் ரைட்டுக்கு முத்திரை ஓலை வராமல் ஒருவரும் கை காலை அசைக்கக் கூடாது” என்று தண்டோரா போட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் சடையாண்டியின் மகள் பூவாயிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. திங்கட்கிழமை முகூர்த்தம். அவன் சபையில் நின்று, “மகாராஜா, மகள் திருமணத்துக்குத் தங்கள் அனுமதியும் ஆசியும் வேண்டும்” என்றான்.

ராஜா முகமெல்லாம் பல்லாக, “ரைட்டு! ரைட்டு!” என்றார்.

மறுநாள் ஓலை வந்தது. ‘வலப்பக்கம் என்பது இதன் பொருள். அரண்மனைக்கு வலப்பக்கம் போகும் சாலை எல்லைக்குப் போகிறது. ஆகவே சடையாண்டி குடும்பத்தோடு ஞாயிறு மாலைக்குள் அந்தச் சாலை வழியே நாட்டை விட்டு வெளியேற வேண்டியது.’

சடையாண்டி சபைக்கு ஓடினான். “மகாராஜா, கல்யாணத்தை நடத்தச் சொன்னீர்களா, நாட்டை விட்டுப் போகச் சொன்னீர்களா?”

விகடன் ஏதோ புது வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்த ராஜா தொடையைத் தட்டிச் சிரித்து, “ரைட்டு!” என்றார். ராயர் தலையைக் குனிந்து, ‘இரண்டாவது’ என்று எழுதி முத்திரை வைத்தார்.

வீட்டில் அவன் மனைவி வெள்ளையம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “பந்தக்கால் நட்டாச்சுங்க. மாப்ள வீட்டுக்காரங்க வண்டி கட்டிட்டாங்க. ஊரை விட்டு வெரட்டுன வீட்ல எவன் பொண்ணெடுப்பான்? ஊரையே சிரிக்க வைக்கிறீங்க, இதுக்கு ஒரு வழி பண்ணத் தெரியலையே உங்களுக்கு!”

சடையாண்டிக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. வாசலில் மாவிலைத் தோரணத்துக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான். “இன்னிக்கு என்ன கெழமை?” என்றான்.

“வெள்ளி. அது கூடவா மறந்துபோச்சு?”

“அப்ப நாளைக்குச் சனி. பந்தக்காலைப் புடுங்காதே” என்றான் சடையாண்டி.

சனிக்கிழமை ராஜாவுக்கு எண்ணெய்க் குளியல். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வது விகடன் வேலை. அன்றைக்கு அவன் சீக்கிரமே போய்க் குளியல்காரன் பாவாடையிடம், “அண்ணே, ராயர் உத்தரவு ஞாபகம் இருக்கில்ல? ரைட்டுன்னா ஓலை வரணும். ராயர்கிட்ட அந்தச் சொல்லை மட்டும் சொல்லு. நீயா ஏதாவது சேத்துச் சொன்னா விசிறிக்காரன் கதிதான்” என்றான்.

“ஆத்தாடி! நான் ஏன் வாயத் தொறக்கறேன்” என்றான் பாவாடை.

ராஜா பலகையில் அமர்ந்தார். உச்சி முதல் பாதம்வரை நல்லெண்ணெய் வழிந்தது. பாவாடை கைநிறையச் சீயக்காயை அள்ளித் தலையில் வைத்துத் தேய்த்தான். ஒரு கட்டி நழுவி நேராக ராஜாவின் கண்ணுக்குள் போனது.

“ரைட்டூ!” என்று அலறினார் ராஜா, தண்ணீருக்காகக் கையை நீட்டி.

பாவாடை தேய்ப்பதை நிறுத்திவிட்டு, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ராயரிடம் ஓடினான். ராயர் வெற்றிலையை மென்றபடியே எழுதிக் கொடுத்தார். சடையாண்டி அதை வாங்கி, பாவாடைக்குப் படிக்கத் தெரியாதே என்று, உரக்க வாசித்தான்: “‘நன்று என்பது பொருள். அரசர் பேரானந்தம் கொண்டார். இன்னும் தேய்க்கவும்.’”

பாவாடை இன்னும் தேய்த்தான்.

“ரைட்டு! ரைட்டு! ரைட்டு!” ராஜா பலகையிலேயே குதித்தார்.

பாவாடை மறுபடி ஓடினான். மறுபடி ஓலை. “‘வலப்பக்கம் என்பது பொருள். வலப்பக்கமும் குறைவில்லாமல் தேய்க்கவும்.’”

அதுவரை ஒரு கண் மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டும் எரிந்தன. ராஜா எழுந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, அண்டாவைத் தேடித் துழாவினார். எண்ணெயில் கால் வழுக்கி, சுவரைப் பிடித்து, சுவரும் வழுக்கி, மறுபடி பலகையிலேயே வந்து உட்கார்ந்தார். “ரைட்டேய்!”

மூன்றாவது ஓலையைச் சடையாண்டி நிறுத்தி நிதானமாக வாசித்தான்: “‘உரிமை என்பது பொருள். இவ்வாறு நீராடுவது அரசரின் உரிமை. யாரும் குறுக்கே போகக் கூடாது.’ கேட்டாயா பாவாடை? அந்த அண்டாவைத் தள்ளி வை.”

ராஜாவுக்குக் கப்பலும் மறந்தது, துரையும் மறந்தான்.

“அடப் பாவிகளா! தண்ணி ஊத்துங்கடா! கண்ணு அவியுதுடா!”

அவர் வாயை மூடுவதற்குள் சடையாண்டி ஒரு குடம் வெந்நீரைத் தலையில் கவிழ்த்துவிட்டான். “மன்னிக்க வேண்டும் மகாராஜா. இதற்கு ஓலை தேவையில்லை. இது எங்களுக்கே புரிகிறது.”

மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்த கண்ணைத் திறந்தார் ராஜா. “இன்னும் தேய்க்கச் சொல்லி எழுதியவன் யார்?”

“தங்கள் திருவாய்க்கேள்விதான் பிரபு. இந்தாருங்கள், மூன்று ஓலை. அவர் எழுதிய இன்னொன்றும் என் மடியில் இருக்கிறது. இதையும் படித்துவிட்டால் நான் நிம்மதியாக எல்லை தாண்டுவேன்” என்று சடையாண்டி நான்காவது ஓலையை நீட்டினான்.

ராஜா படித்தார். “யாம் உன் மகளை வாழ்த்தினோம். இவன் உங்களைத் துரத்தியிருக்கிறானே!” என்றார். உடனே ராயரைக் கூப்பிட்டனுப்பினார்.

ராயர் வந்தார். எண்ணெய் சொட்ட நின்ற ராஜா அவரை முறைத்து, “ரைட்டு! இதற்குப் பொருள் சொல்லும்!” என்றார்.

ராயர் அந்தக் கண்ணைப் பார்த்தார், நான்கு ஓலையையும் பார்த்தார், தடாலென்று காலில் விழுந்தார். “மன்னித்தேன் என்பது பொருள், பிரபு!”

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து மறுபடி வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தார். “பிழைத்துப் போம்! உம் முத்திரையைக் கழற்றி வையும். இனி எந்த ஓலையும் யாம் காதால் கேட்டபிறகே வெளியே போகும். வாசித்துக் காட்டுபவன் சடையாண்டி. கல்யாணம் நம் கொலு மண்டபத்தில்!”

திங்கட்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பூவாயி கழுத்தில் ராணி போட்ட ஏழுவடச் சங்கிலி மின்னியது. முகூர்த்த நேரம் வந்ததும் ராஜா எழுந்து வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. வெள்ளையம்மாள் புருஷன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று மண்டபம் அதிரக் கத்தினார் ராஜா.

பந்தியில் தண்ணீர் ஊற்றும் வேலை ராயருக்கு. அவர் செம்பும் கையுமாக வந்துகொண்டிருக்கையில் ராஜாவுக்கு லட்டு விக்கியது. நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். ஒரு சொல் வருவதற்குள் ராயர் டம்ளரை நிரப்பி, இலையை நிரப்பி, ராஜாவின் மடியையும் நிரப்பிவிட்டார்.