பத்து மணி வண்டி

“உப்பளக் குடியிருப்புல யாருமே கையெழுத்துப் போட மாட்டேங்காங்க டீச்சர்” என்றாள் ஜெசிந்தா.

பதினோராம் வகுப்புப் பெண். பேச்சுப் போட்டிகளில் கோப்பையாக வாங்கிக் குவித்தவள்.

செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு அந்தக் குடியிருப்புக்கு மருத்துவ வண்டி வரும். பார்க்க ஆள் வருவதில்லை என்று அடுத்த மாதத்தோடு நிறுத்தப் போகிறார்கள். அங்கே வீட்டுக்கொரு சிறுநீரகக் கோளாறு. வண்டியும் போனால் அவ்வளவுதான். திங்கட்கிழமை கலெக்டரிடம் மனுக் கொடுத்தாக வேண்டும்.

சந்தனமாரி டீச்சர் மனுவை வாங்கிப் படித்தார். ‘அறியாமையில் உழலும் எம் மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டி’ என்று தொடங்கி, தமிழ் கொடிகட்டிப் பறந்தது.

“திருத்தணும். நாளைக்கு எனக்கு லீவு. காலைல பத்து மணிக்கு வீட்டுக்கு வா.”

“பத்து மணிக்குக் கணக்குப் பரீட்சை டீச்சர்.”

“அப்ப நாளன்னைக்குப் பத்து மணிக்கு வா.”

“அன்னைக்கும் பள்ளிக்கூடம் உண்டே டீச்சர்.”

டீச்சர் பேனாவை எடுத்து மனுவின் ஓரத்தில் எழுதினார்: ‘ஜெசிந்தா. இரண்டு முறை அழைத்தும் வரவில்லை. விழிப்புணர்வு தேவை.’

மணி அடித்தது. அவர் பாட்டுக்கு வகுப்புக்குப் போய்விட்டார்.

ஜெசிந்தாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய மனுவில் இப்படிக் கிறுக்கி வைத்தால் கோபம் வராதா? சாயங்காலம் வரை அந்த ஒரு வரியையே வெறித்துக்கொண்டிருந்தாள். வர மாட்டேன் என்றா சொன்னேன், அந்த நேரத்துக்கு வர முடியாது என்றுதானே சொன்னேன் என்று வாய்க்குள் முனகினாள்.

முனகியவள் சட்டென்று நிறுத்தினாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளக் குடியிருப்புக்குப் போனாள். உப்பளத்தில் வேலை பார்க்கும் முத்துக்கனி, வாசலில் உட்கார்ந்து கால் வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் கையெழுத்துக் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவள். பேசுவதற்கென்று மனப்பாடம் பண்ணி வைத்த எதுவும் ஜெசிந்தாவுக்கு ஞாபகம் வரவில்லை.

“அக்கா, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நீங்க எங்க இருப்பீங்க?”

“உப்பளத்துலதான். விடியுமுன்ன போனா மத்தியானம் ஆயிரும். நடுவுல எந்திரிச்சு வந்தா அன்னைக்குக் கூலி கெடையாது.”

“அப்போ வண்டி எத்தன மணிக்கு வந்தா உங்களுக்குத் தோதுப்படும்?”

முத்துக்கனி எண்ணெய்க் கையோடு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எட்டு வருசமா வண்டி வருது. இத ஒருத்தரும் எங்ககிட்ட கேக்கல” என்றாள். “சாயங்காலம் நாலு மணின்னு எழுது தாயி. மொதக் கையெழுத்து நான் போடுதேன்.”