உப்பு சரியா இருக்கு

ஆற்றங்கரை மடத்துச் சமையற்கட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது. ஓடத்துக்குக் காத்திருப்பவர்கள், புல்லுக்கட்டு சுமப்பவர்கள், கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் என்று படி ஏறி வந்தவர்களுக்குத்தான் முதல் இலை. எல்லோரும் கை கழுவிய பிறகுதான் சமைத்தவர் உட்கார வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டில் வந்து மாட்டிக்கொண்டவர் ஆவுடையப்பன். முப்பத்தைந்து வருஷம் வக்கீலாக இருந்தவர். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து செய்து, கடைசியில் எவர் சொல்லையும் நம்ப முடியாமல் போய்விட்டது மனுஷனுக்கு. காபியில் சர்க்கரை போட்டாயிற்று என்று மனைவி சொன்னால்கூட "யார் பார்த்தா?" என்று கேட்பாராம். அந்த அம்மாள் காலமான பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தின் குரு கோமதியம்மாள். ஆவுடையப்பனைவிடப் பதினைந்து வயது சின்னவர். அதனால் என்ன, குரு குருதானே. வந்த அன்றைக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுவிட்டார் வக்கீல்.

"அம்மா, யார் சொல்லையும் நம்பாம, நானாத் தனியா, சந்தேகமில்லாமத் தெரிஞ்சுக்கக்கூடிய விஷயம் ஒண்ணாவது உண்டா?"

கோமதியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சமைக்கத் தெரியுமா வக்கீலய்யா?"

"வெந்நீர் வைப்பேன்."

"நல்லதாப் போச்சு. நாளையில இருந்து கரண்டியை நீங்க பிடிங்க."

அதோடு சரி. ஆறு வருஷமாக வேறு பதில் கிடையாது.

முதல் மாதம் மடத்துச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் பாவம், புண்ணியவான்கள். அதை விடுங்கள். பந்தியில் கடைசி இலையில் கோமதியம்மாள் உட்காருவார். நாலைந்து வாய் ஆன பிறகு தலையைத் தூக்கிச் சொல்லுவார். "ஒரு கல்லு தூக்கல்." "இன்னிக்குக் கொஞ்சம் மட்டு." "உப்பு சரியா இருக்கு." பந்தி முடிந்து ஆவுடையப்பன் உட்கார்ந்து வாயில் வைத்தால், அம்மா சொன்னதுதான். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. அப்பீலே இல்லாத தீர்ப்பு உலகத்தில் இது ஒன்றுதான் என்று அவர் பூரித்துப் போவார். எவரையும் நம்பாத மனுஷன் ஆறு வருஷமாக நம்பியது அந்த ஒரு வாயைத்தான்.

ஒரு ஐப்பசியில் விடாத மழை. ஆற்றில் வெள்ளம், ஓடம் இல்லை. ஈ காக்கைகூடப் படி ஏறவில்லை. மடத்தில் இரண்டே பேர். மதியத்துக்குக் கூட்டாஞ்சோறு போதும் என்று ஆவுடையப்பன் அரிசியையும் பருப்பையும் காயையும் ஒன்றாக ஏற்றினார். புளி கரைத்து ஊற்றுகிற நேரம் பார்த்து விறகு மேல் கூரை ஒழுகியது. ஓடிப்போய் விறகை இழுத்துப் போட்டுவிட்டு வந்து, தேங்காயை அரைத்துக் கொட்டி, கிளறி இறக்கினார். மணத்துக்குக் குறைச்சல் இல்லை.

இலை போட்டுப் பரிமாறிவிட்டு, வழக்கம்போல் கரண்டியோடு எதிரே நின்றார்.

கோமதியம்மாள் நாலு வாய் சாப்பிட்டார். தலையைத் தூக்கினார். "உப்பு சரியா இருக்கு."

ஆவுடையப்பனுக்கு மனசு நிறைந்துவிட்டது. அம்மா எழுந்ததும் தனக்கு இலை போட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தார்.

உப்பே இல்லை. ஒரு கல்லுகூட இல்லை. சுத்தமாக மறந்திருக்கிறார்.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதற்கே பொய் என்றால், மற்றதெல்லாம்? ஆறு வருஷமாக இங்கே கேட்டதில் எது நிஜம்? எழுந்துபோய்த் துணிப்பையில் இரண்டு வேட்டியையும் கண்ணாடிக் கூட்டையும் திணித்தார். குடையை எடுத்துக்கொண்டு முன்கட்டுக்கு வந்து நின்றார்.

கோமதியம்மாள் ஈர விறகைக் காயப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"ஓடம் இல்லையே வக்கீலய்யா, நீந்தவா போறீங்க?"

"சிரிக்காதீங்கம்மா. கூட்டாஞ்சோத்துல உப்பே இல்லை."

"அப்படியா?"

"அப்படியாவா? ஒரு இலை முழுக்கச் சாப்பிட்டீங்க! சரியா இருக்குன்னு சொன்னீங்க!"

கோமதியம்மாள் விறகைக் கீழே வைத்தார். கையைத் தட்டிக்கொண்டார்.

"நாலு வருஷத்துக்கு முன்னால எனக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் என்ன? பன்னிரண்டு நாள் கண் மூடாமல் பக்கத்தில் இருந்து கஞ்சி புகட்டியவர் அவர்தானே.

"அதோட நாக்குல ருசி போயிடுச்சு. உப்பு, புளி, காரம் ஒண்ணும் தெரியாது."

ஆவுடையப்பன் கையிலிருந்த குடை சரிந்தது.

"அன்னிக்குக் கஞ்சி அமிர்தமா இருக்குன்னு சொன்னீங்களே!"

"உங்க கண்ணு அப்படிக் கலங்கியிருந்துச்சு. நல்லா இல்லாம எப்படி இருக்கும்?"

அவர் குனிந்து குடையை எடுத்துச் சுவரில் சாய்த்தார். ஆனாலும் வக்கீல் அல்லவா, விடவில்லை. "அப்போ நாலு வருஷமாப் பந்தியில தீர்ப்பு சொன்னது?"

"பேச்சிமுத்து இருக்கானே, ஓடக்காரன். உப்பு மட்டா இருந்தா அவன் கை ஊறுகாய்க்குப் போகும். தூக்கலா இருந்தா மாடத்தி புல்லுக்கட்டு சுமந்த களைப்புல இருந்தாலும் சோத்தை விட்டுட்டுச் செம்பைத்தான் எடுப்பா. சரியா இருந்தா நாலு வாய்க்கு ஒருத்தரும் பேச மாட்டாங்க."

ஆவுடையப்பன் யோசித்தார். ஆறு வருஷமாக அதே பந்தியில் பரிமாறியவர் அவர். ஒருவர் முகத்தையும் பார்த்த ஞாபகம் இல்லை.

"உப்புதான் இப்படியா? ஊர்ச் சண்டை, பாகப் பிரிவினைன்னு உங்ககிட்ட வந்து கேக்கிறாங்களே?"

"அதுவும் இப்படித்தான்."

"அப்போ உங்களுக்குன்னு தெரிஞ்சது ஒண்ணுமே இல்லையா?"

"யாரைப் பார்க்கணும்னு தெரியும்."

"ஏம்மா என்கிட்டச் சொல்லலை?"

"சொல்லியிருந்தா பந்தி மொத்தமும் என் முகத்தை ஐயோ பாவம்னு பார்க்கும். அப்புறம் உப்பைக் கண்டுபிடிக்க நான் யார் முகத்தைப் பார்க்க?"

பிறகு ஆவுடையப்பன் மெல்லக் கேட்டார். "இன்னிக்கு மட்டும் எப்படித் தப்பிப் போச்சு?"

"இன்னிக்கு இருந்தது உங்க முகம் ஒண்ணுதான்," என்றார் கோமதியம்மாள். "அது என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு."

கிழவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. வெட்கம்கூடப் படவில்லை. பையை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். உப்பு மரவைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து தன் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணீர் மறைத்ததில் எவ்வளவு அள்ளினார் என்று அவருக்கே தெரியாது. நீர் தெளித்துச் சோற்றைப் பிசைந்தார்.

கோமதியம்மாள் வந்து எதிரே உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் ஒரு வாய் வைத்தார். ஜட்ஜ் முன்னால் முப்பத்தைந்து வருஷம் எதையும் காட்டிக்கொள்ளாத முகம் அது. இம்மியும் அசையாமல் வைத்துக்கொண்டு மென்றார். கண் மட்டும் ஒரு தடவை தண்ணீர்ச் செம்புப் பக்கம் போய்வந்தது.

கோமதியம்மாள் அந்த முகத்தை ஆசையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டு கல்லு தூக்கல்."