பொட்டலத்தின் மேல் கரடியின் கால்

கடலாமைக்கு அலுத்துப்போயிருந்தது. அக்கரைத் தீவில் போர் தொடங்கியதிலிருந்து, வாயில் ஒரு கிழங்கைக் கவ்விக்கொண்டு போவதும் வெறும் வாயோடு திரும்புவதுமே அதன் பிழைப்பாகிவிட்டது.

அந்தத் தீவில் கரடிகளும் குரங்குகளும் ஒரு தேன்மலைக்காக அடித்துக்கொண்டன. மலை யாருக்கும் கிடைத்தபாடில்லை. புல்வெளி எரிந்துபோனதுதான் மிச்சம். எந்தப் பக்கமும் சேராத முயல்கள் பட்டினி கிடந்தன.

ஆமை இக்கரைக் காட்டுக்கு வந்து முறையிட்டது.

“நான் ஒருத்தி கவ்விக்கிட்டுப் போறது எத்தனை பேருக்குக் காணும்? அங்க ஒரு முயலம்மா மூணு குட்டிகளோட பாறை இடுக்குல கிடக்கா. பாலே வத்திப்போச்சு. எல்லாரும் சேர்ந்து ஏதாவது குடுங்க!”

இக்கரைக் காட்டுக்கு இளகிய மனசுதான். அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். உடனே நிவாரணக் குழு ஒன்று அமைந்தது. கரடி தன்னைத் தானே தலைவராக்கிக்கொண்டது. பன்றி கிழங்கு தோண்டியது. மான் அறுகம்புல் கொண்டுவந்தது. அணில் இலந்தைப்பழம் பொறுக்கியது. மயில் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தது. தேக்கிலையில் பொட்டலம் கட்டி, வாழைமரத் தெப்பத்தில் அடுக்கின. தெப்பத்தை இழுக்க ஆமை கொடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டது.

“இரு இரு! ஒரு வேலை பாக்கி!” என்றது கரடி.

செம்மண் குழம்பில் காலை முக்கி, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பதித்தது.

“இன்னும் அழுத்துங்க தலைவரே! தூரத்துலயே தெரியணும்!” என்றது மயில்.

“அண்ணே, இது எதுக்கு? பசிச்சவங்க பொட்டலத்தைப் பிரிப்பாங்க. மேல இருக்கிறதையா பாப்பாங்க?” என்றது ஆமை.

“யாரு குடுத்தாங்கன்னு தெரிய வேணாமா? அப்புறம் நன்றியை யாருக்குச் சொல்வாங்க?”

“அங்க நடக்கிற சண்டையில கரடிக் காலைப் பாத்தா...”

“நேரமாகுது, கிளம்பு!”

வாதாட ஆமைக்குத் தெம்பில்லை. கிளம்பிவிட்டது.

தீவின் கரையில் குரங்குகள் காவல் நின்றன. பொட்டலங்களைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தன.

“கரடிக் கால்! எதிரிக்குச் சோறு வந்திருக்குடா!”

“ஐயோ, இது உங்க தீவுக் கரடி இல்ல, எதிர்க்கரைக் கரடி! முயலுங்களுக்காகக் குடுத்தது!” என்று ஆமை கதறியது.

“எந்தக் கரையா இருந்தா என்ன? கரடி கரடிக்குத்தான் குடுக்கும்!”

கொடியை அறுத்துத் தெப்பத்தைக் கவிழ்த்துவிட்டன. கிழங்குகள் மூழ்கின. இலந்தைப்பழங்கள் கொஞ்ச நேரம் மிதந்தன.

முயலம்மா பாறைக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. குரங்குகள் நகர்ந்த பிறகு மெல்ல ஆமையிடம் வந்தது.

“அக்கா, அதுல கிழங்கு இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா.”

முயலம்மா திரும்பிப் பாறை இடுக்குக்குள் போய்விட்டது. திட்டியிருந்தால்கூட ஆமைக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

திரும்பி வந்த ஆமையைப் பார்த்ததும் கரடி முழங்கால் தண்ணீரில் ஓடிவந்தது.

“என் கால்தடத்தைப் பாத்தாங்களா?”

“பாத்தாங்க.” ஆமை மணலில் அப்படியே கிடந்தது. “குரங்குங்கதான் பாத்தாங்க. உங்க காலைப் பாத்ததும் அத்தனையும் கடல்ல கொட்டிட்டாங்க.”

கரடி மணலில் உட்கார்ந்துவிட்டது. நகத்திடுக்கில் செம்மண் இன்னும் போகவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த தெப்பத்தில் எந்த அடையாளமும் கிடையாது என்று முடிவானது. உடனே மயிலுக்கு வேறு வேலை வந்துவிட்டது. பன்றிக்கு இடுப்பு வலி. கரடி தானே கிழங்கு தோண்டியது. ஒவ்வொரு பொட்டலத்தைத் தொடுவதற்கு முன்பும் காலைப் புல்லில் அழுத்தித் துடைத்துக்கொண்டது.

பொட்டலங்கள் பாதிதான் தேறின. குரங்குகள் புரட்டிப் புரட்டிப் பார்த்தன. ஒன்றும் இல்லை. “போய்த் தொலை!” என்று வழி விட்டன.

முயலம்மா பல்லாலேயே இலையைக் கிழித்தது. இரண்டு குட்டிகள் கிழங்கின் மேல் விழுந்தன.

“இதை யாரு குடுத்தது அக்கா?”

“யாரா இருந்தா என்ன? நீ சாப்பிடு.”

ஆமை திரும்பியபோது கரடி கால்தடத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

“குட்டிங்க சாப்பிட்டுச்சா?”

“ரெண்டும் சாப்பிட்டுச்சு.”

“மூணுன்னு சொன்னியே?”

ஆமை கடல் பக்கம் திரும்பியது. அடுத்த நடைக்குக் கொடியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டது.

கொடுப்பவர் உதவியோடு தன் பெயரையும் சேர்த்து அனுப்பினால், அந்தப் பெயரின் பாரத்தைச் சுமப்பது பசித்தவர்தான்.