ஊர்கூடிச் சுட்ட மட்டி

அந்தக் காலத்தில் கடலில் வாழ்ந்த எல்லாவற்றுக்கும் பேச்சு இருந்தது. நண்டு வம்பளக்கும், திருக்கை புலம்பும். சேற்றில் புதைந்து கிடக்கும் மட்டிச் சிப்பிக்கு மட்டும் சொந்தக் குரல் கிடையாது. கடலில் மூழ்கியவர்களின் குரல்களை அது தன் ஓட்டுக்குள் அடைத்து வைத்திருந்தது.

ஒரு வருஷம் பெரும்புயல் அடித்தது. கட்டுமரங்களும் வலைகளும் போயின. கரையூர்க்காரர்களுக்கு மட்டியைத் தவிர வேறு தீனி இல்லை. பக்கத்து வீட்டுக்கு வாசனை போய்விடக் கூடாதென்று அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தார்கள்.

அப்போதுதான் ஆட்கள் காணாமல் போனார்கள். அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருக்கும். வாசலிலிருந்து கடல்வரை காலடித் தடம் போகும். திரும்பி வந்த தடம் இருக்காது.

நாச்சியின் புருஷன் சடையனையும் அந்தப் புயல்தான் கொண்டுபோனது. மிச்சம் ஒரு கைக்குழந்தை. ஓர் உச்சிவேளையில் அவள் குழந்தையைத் தூளியில் தூங்கவைத்து, கதவைச் சாத்தி, மட்டியை உலையில் போட்டாள். நீர் சூடேறியது. ஓடுகள் ஒன்றோடொன்று உரசின.

"நாச்சி" என்றது பானை. சடையன் குரல்! "ஈரத்தோட நிக்கிறேன்டி. மாத்துத் துணி எடுத்துட்டு வா."

அவளுக்குப் பயமே வரவில்லை. கொடியிலிருந்து வேட்டியை உருவினாள். "எங்க நிக்கிறீங்க?"

"தண்ணியிலதான். தனியா வா."

தூளியைத் திரும்பிப் பாராமல் அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். அப்போது பின்கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு மூக்கன் வந்தான். அடுப்பு மூட்டக் கங்கு வாங்கிப்போக வந்தவன்.

"கதவைச் சாத்திக்கிட்டு அப்படி என்ன விருந்து, மதினி? வாசனை என் வீட்டுச் சுவரையே துளைக்குது!"

பானைக்குள் குரல் இடறியது. "நாச்சி... மூக்கா... டேய் மூக்கா, சாப்பிட்டியாடா?"

மூக்கன் பானைக்குள் எட்டிப் பார்த்தான். "இது கடலோட போன எங்க ஆத்தா குரல்."

"இம்புட்டு நேரம் எங்க வீட்டுக்காரர் குரல்" என்றாள் நாச்சி.

அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேர் கேட்டால், யார் குரலில் பேசுவதென்று மட்டிக்குத் தெரியவில்லை. ஊரே கேட்டால்? சடையன் குரலும் அதோடு போய்விடும். கையிலிருந்த வேட்டியைப் பார்த்தாள். தூளியைப் பார்த்தாள். பிறகு பானையைத் தூக்கினாள்.

"மூக்கா, புள்ளையத் தூக்கிக்கோ. எல்லாரையும் அவங்கவங்க மட்டியோட கரைக்கு வரச் சொல்லு."

மணலில் குழி பறித்துத் தீ மூட்டி, எல்லா வீட்டு மட்டியையும் ஒன்றாகக் கொட்டி ஈரப் பனையோலையால் மூடினார்கள். ஓலைக்கடியில் முனகல் எழுந்தது.

"ஒவ்வொருத்தரா வாங்க" என்று குரல்கள் கெஞ்சின. "தனித்தனியா வாங்க."

"முடியாது! கூட்டமாத்தான் திங்கப்போறோம்!" என்று நடுங்கிக்கொண்டே கத்தினான் மூக்கன். யாரோ கை தட்டினார்கள். இன்னொருவர் தகரக் குரலில் பாட ஆரம்பித்தார். ஒருவரும் இடத்தைவிட்டு நகரவில்லை.

ஓலையை விலக்கியபோது மட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. ஒரே ஒரு ஓட்டிலிருந்து மட்டும் "நாச்..." என்று வந்து, பாதியில் நின்றது. நாச்சி அழுதாள். பிறகு அதையே முதலில் எடுத்துத் தின்றாள்.

அன்று தொட்டுத்தான் சூடு பட்டதும் மட்டி வாயைத் திறக்கிறது, பேசுவதில்லை. கரையூர்க்காரர்களும் அதைக் கடற்கரையில் கூட்டமாகக் கூடி, கொட்டும் பாட்டுமாகச் சுட்டுத் தின்கிறார்கள். எவ்வளவு சுட்டும் திறக்காத மட்டியை மட்டும் யாரும் காதருகே கொண்டுபோவதில்லை, கடலிலேயே வீசிவிடுகிறார்கள். அது இன்னும் யாரோ ஒருவர் தனியாக வருவதற்காகக் காத்திருக்கிறது.